இரவில் எத்தனை பேர் கடமையில்?

தமிழ் மொழித் தினம் நெருங்கும்போதெல்லாம் எமது வகுப்பறைகளில் தவறாமல் எட்டிப் பார்க்கும் விவாதத் தலைப்பு ஒன்று உண்டு. "முதியோர் இல்லங்கள் தேவையா, தேவையில்லையா?" தரம் எட்டிலிருந்து இன்று வரை இந்தத் தலைப்பில் நான் இரண்டு அணிகளிலும் பேசிவிட்டேன். தேவையில்லை என்ற அணிக்குக் கண்ணீர்தான் பலம். பத்து மாதம் சுமந்தவள், இரவெல்லாம் விழித்தவள் என்று தொடங்கினால் முன்வரிசையில் இருக்கும் ஆசிரியைகளின் கைக்குட்டைகள் வெளியே வந்துவிடும். தேவை என்ற அணி வெளிநாட்டுப் பிள்ளைகள், சிறிய வீடுகள், வேலைக்குப் போகும் பெண்கள் என்று காரணங்களை அடுக்கும். நடுவர் மணியடிப்பார், புள்ளி வழங்கப்படும், எல்லோரும் வீட்டுக்குப் போவோம்.

இத்தனை வருட விவாதத்தில் இரண்டு அணியில் ஒன்றுகூட அந்த இல்லத்தின் கதவைத் திறந்து உள்ளே போனதை நான் கேட்டதில்லை. உள்ளே என்ன நடக்கிறது? இரவு இரண்டு மணிக்கு ஒரு மூதாட்டி மலசலகூடம் போக வேண்டும் என்றால் யார் வருவார்? எவ்வளவு நேரத்தில் வருவார்? நல்ல இல்லம், கூடாத இல்லம் என்று எதை வைத்துப் பிரிப்பது? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் தேவையா தேவையில்லையா என்று பேசிக்கொண்டிருப்பது, வைத்தியசாலை தேவையா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டு, உள்ளே சத்திரசிகிச்சைக் கத்தி கழுவப்பட்டதா என்று பார்க்காமல் இருப்பதைப் போன்றது.

தேவையா என்ற கேள்விக்கு எண்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும் எமது நாட்டில் நூற்றுக்கு 7.9 பேர். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6. பன்னிரண்டு வருடங்களில் இவ்வளவு மாற்றம். குடும்பங்களோ சிறுத்துக்கொண்டு போகின்றன. என் உம்மம்மாவுடன் பிறந்தவர்கள் எட்டுப் பேர், உம்மாவுடன் பிறந்தவர்கள் மூன்று பேர், என்னோடு ஒரு தம்பி மட்டும்தான். இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தத்தமது வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் குடும்பத்திலேயே நடந்த ஒன்றுதான். உம்மம்மாவின் தங்கையை நாங்கள் சின்ன உம்மம்மா என்று அழைப்போம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, கணவர் மவுத்தாகிப் பத்து வருடமாகிறது. சென்ற வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் எங்கள் வீட்டில் இருந்தார். உம்மா ஆசிரியை, வாப்பா கடையில், மாமா கட்டாரில். காலை ஏழு மணி முதல் இரண்டு மணி வரை வீட்டில் அவரைத் தூக்கி இருத்த ஒருவரும் இல்லை. கூலிக்கு வந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். இறுதியில், ஒரு மணித்தியாலப் பயணத் தூரத்தில் இருக்கும் ஓர் இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். அயலவர்களுக்குச் சொல்லப்பட்டது: "கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்."

அந்த ஒரு வசனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சேர்ப்பதற்கு முன்பு பெரியவர்கள் மூன்று இல்லங்களைப் போய்ப் பார்த்தார்கள். நானும் கூடப் போனேன். எதைப் பார்த்தார்கள் தெரியுமா? நிலத்தில் டைல்ஸ் பதித்திருக்கிறதா, முன்னால் பூந்தோட்டம் இருக்கிறதா, சாப்பாடு ஹலாலா, மின்விசிறி சுற்றுகிறதா, இவ்வளவுதான். ஹலால் கேள்வி அவசியமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓர் இல்லத்தின் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்து போனார்கள். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் யாரோ ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. பிறந்தநாள், திருமண நாள், இறந்தவர் நினைவு நாள் என்று பகல் சாப்பாட்டை முன்பதிவு செய்தவர்கள் அவர்கள். "மாஷா அல்லாஹ், சாப்பாட்டுக்குக் குறையில்லை" என்றார் ஒரு மாமி.

குறையில்லைதான். சின்ன உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். அவரது அறையில் இருக்கும் ஆறு பேரில் நால்வருக்குச் சீனி வருத்தம். திங்கட்கிழமை ஒரு கொடையாளி பிரியாணியும் வட்டிலப்பமும் கொண்டு வருகிறார். செவ்வாய் இன்னொருவர் சோறும் கோழிக்கறியும் கேக்கும். வியாழன் கிரிபத்தும் கொண்டைப் பலகாரமும். கொண்டு வந்தவர் பக்கத்தில் நின்று அன்போடு ஊட்டும்போது வேண்டாம் என்று சொல்ல எந்த முதியவருக்கு வாய் வரும்? கலண்டர் நிறைந்திருப்பது கொடையாளிகளின் ஈரமான மனதைக் காட்டுகிறது. பராமரிப்பின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? என் பெரியம்மாவின் மகள் தாதியர் பட்டப்படிப்பில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "அவெடிஸ் டொனபேடியன் என்று ஒருவர் இருந்தார், அவரைப் படி" என்றார் ராத்தா. பெய்ரூத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வைத்தியர் அவர். 1966இல் வெளிவந்த அவரது கட்டுரை ஒன்று சிகிச்சையின் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றியது. மூன்று பக்கங்களிலிருந்து பாருங்கள் என்கிறார். முதலாவது அமைப்பு: கட்டடம், கட்டில், ஆளணி, பயிற்சி. இரண்டாவது செயன்முறை: உண்மையில் என்ன செய்யப்படுகிறது, எப்போது, யாரால். மூன்றாவது விளைவு: அதனால் அந்த மனிதருக்கு என்ன ஆனது. எங்கள் பெரியவர்கள் மூன்று இல்லங்களில் பார்த்தது முதலாவதில் பாதியை மட்டும். டைல்ஸ் எண்ணினார்கள், ஆட்களை எண்ணவில்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் நான் கற்றது சின்ன உம்மம்மாவின் குதிகாலில்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஸருக்குப் பிறகு உம்மாவும் நானும் போவோம். இரண்டாவது மாதத்தில் ஒருநாள் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது வலது குதிகாலில் ஐந்து ரூபாக் குத்தியளவு சிவப்பைக் கண்டேன். விரலால் அழுத்தினால் சாதாரணச் சிவப்பு வெளுத்து மீண்டும் சிவக்கும். இது வெளுக்கவில்லை. ராத்தாவுக்குப் படம் அனுப்பினேன். "படுக்கைப் புண் தொடங்குகிறது, உடனே சொல்லு" என்றார். ஒரே இடம் நீண்ட நேரம் அழுந்திக்கொண்டிருந்தால் அங்குள்ள நுண்ணிய குருதிக் கலன்கள் மூடிக்கொள்கின்றன. ஒட்சிசன் போகாமல் இழையம் இறக்கத் தொடங்குகிறது. குதிகால், நாரி, இடுப்பு எலும்பு ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வரும். தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவது வழக்கமான முறை. உயர்தர உயிரியலில் குருதிச் சுற்றோட்டத்தைப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். அது நின்றுபோனால் எப்படி இருக்கும் என்பதை எந்தப் பாடநூலையும் விட அந்தக் குதிகால் தெளிவாகக் காட்டியது.

அன்றுதான் இன்னொன்றையும் கவனித்தோம். தலைமாட்டில் இருந்த தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே இருந்தது. உதடு வெடித்திருந்தது. ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று உம்மா கேட்டதற்குச் சின்ன உம்மம்மா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"குடிச்சா ராவைக்கு எழும்பணும் மகள். ராவைக்கு ஒரு புள்ளதான் நிக்கிறா. இருபத்திரண்டு பேருக்கும் அவ ஒருத்திதான். பாவம், நான் ஏன் கரைச்சல் குடுக்கணும்?"

வயது போகப் போகத் தாக உணர்வு தானாகவே குறையும். அதற்கு மேல் வேண்டுமென்றே குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும், தலை சுற்றும், பேச்சுத் தடுமாறும். அதைப் பார்த்து "வயசுக்கு மறதி வந்துட்டுது" என்று நாம் சொல்லிவிடுவோம். இந்த வருத்தங்களுக்கெல்லாம் மூலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரவில் ஒரே ஒரு பணியாளர். கட்டடத்தைப் பார்த்தவர்கள் எவரும் இரவில் எத்தனை பேர் கடமையில் இருப்பார்கள் என்று கேட்கவில்லை. நாங்கள் மூன்று இல்லங்களுக்கும் போனது பகல் பதினொரு மணிக்கு.

சேர்த்த முதல் மாதத்தில் இல்லத்தினர் எங்களிடம் அடிக்கடி சொன்ன பாராட்டு ஒன்று: "உங்கட ஆச்சி நல்லவங்க, ஒரு தொந்தரவும் இல்ல." உம்மாவுக்கு இதைக் கேட்கப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பாராட்டைக் கேட்டால் எனக்குப் பயம் வருகிறது. எண்பது வயதில், முறிந்த இடுப்போடு, பழக்கமில்லாத இடத்தில் ஒருவர் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறார் என்றால், ஒன்றில் அவர் தேவைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறார், அல்லது தூக்க மாத்திரையில் இருக்கிறார். அமைதியான மண்டபம் நல்ல இல்லத்தின் அடையாளம் என்று நினைப்பவர்கள், எமது வகுப்பறைகளைப் பற்றியும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆசிரியைகள் மன்னிக்கவும்!

அந்த இல்லத்தைக் கெட்ட இல்லம் என்று நான் சொல்லவில்லை. அங்கே பகலில் கடமை செய்யும் ஒரு சிங்களச் சகோதரி இருக்கிறார். தமிழ் அவருக்குப் பத்துச் சொல் வரும். அந்தப் பத்தில் ஒன்று "வுழூ". லுஹருக்கு நேரமானதும் கையில் சிறிய வாளியோடு வந்து "ஆச்சி, வுழூ" என்பார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, முக்காட்டைச் சரிசெய்து, சக்கர நாற்காலியைக் கிப்லாப் பக்கம் திருப்பி விடுவார். எந்தப் பக்கம் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, தரையில் சோக்கினால் ஓர் அம்புக்குறி கூடப் போட்டு வைத்திருந்தார். கழுவிவிடும்போது திரையை இழுத்து மூடாமல் அவர் தொடங்குவதே இல்லை. பராமரிப்பின் தரம் என்றால் இதுவும்தான், ஒருவேளை இதுதான் முதலில். ஆனால் அவரது நல்ல மனதைக் காட்டி இரவுப் பணிக்கு ஆள் இல்லாததை மறைத்துவிட முடியாது. அவரும் மனிதர். மாலை ஆறு மணிக்குப் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டியவர்.

இப்போது அந்தக் "கொழும்புச் சொந்தக்காரர் வீட்டுக்கு" வருகிறேன்.

சிவப்பைக் கண்ட அன்று முறையிடுவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. சத்தம் போட்டால் வெளியே தெரிந்துவிடும், ஊர் என்ன சொல்லும், பள்ளிவாசலில் என்ன பேசுவார்கள் என்பதுதான் எல்லோருடைய கவலையும். முதுமை அடைந்த பெற்றோரிடம் "சீ" என்ற சொல்லைக்கூடப் பாவிக்க வேண்டாம் என்று சூரா பனீ இஸ்ராயீலில் அல்லாஹ் கட்டளையிடுவதை நாங்கள் எல்லோரும் குத்பாக்களில் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கட்டளையை இல்லத்தில் சேர்த்தவர்களைக் குத்திக் காட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். சேர்த்த பிறகு அந்த வயோதிபரிடம் யாரோ "சீ" என்று சொல்கிறார்களா என்று பார்க்கப் போவதற்கு அது எங்களைத் தூண்ட வேண்டாமா? வெட்கம் என்ன செய்கிறது என்றால், சேர்த்தவர்களை ஒளித்து வைக்கிறது. ஒளிந்திருப்பவர்கள் அடிக்கடி பார்க்கப் போக மாட்டார்கள். போனாலும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேள்வி கேட்காத குடும்பங்களைக் கொண்ட இல்லத்தில் குறைகள் வளர்வதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்தக் குதிகாலைச் சிவக்க வைத்ததில் ஊர்வாய்க்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

உம்மா கடைசியில் கேட்டார். பொறுப்பாளர் கோபிக்கவில்லை. குதிகாலின் கீழே தலையணை வைத்துக் காலை உயர்த்தி வைக்கவும், புரட்டும் நேரத்தை எழுதிவைக்கவும் ஒத்துக்கொண்டார். இரவு ஆளைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் அந்தக் கலண்டரைக் காட்டினார். "மிஸ், அரிசி தர ஆள் இருக்கு. பிரியாணி தர ஆள் இருக்கு. வீல்செயார் ஒன்பது இருக்கு, நாலுதான் தேவை. ஒரு புள்ளைக்கு ஒரு மாசச் சம்பளம் தாறேன் என்று இதுவரை ஒருத்தரும் வரல்ல."

இந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு அந்தக் கலண்டர் வேறு மாதிரித் தெரிந்தது. சாப்பாடு கொடுத்தால் படம் எடுக்கலாம், நன்மை கண்ணுக்குத் தெரியும். இரவு மூன்று மணிக்கு ஒருவர் எழுந்து இன்னொருவரின் பெம்பர்ஸ் மாற்றுவதைப் படம் எடுக்க முடியாது. அதனால் அதற்குக் காசு வருவதில்லை.

பிறகு நடந்ததில் சிரிப்பதற்கும் ஒன்று இருக்கிறது. நடைவழியில் உம்மாவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பெண்மணி, எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ள ஒருவருடைய மனைவி. அவருடைய மாமியாரும் அங்கேதான் இருந்திருக்கிறார். அவர்கள் அயலவர்களுக்குச் சொன்னது குருநாகலில் மகள் வீடு என்று! இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து முதலில் வெட்கப்பட்டு, பிறகு சிரித்து, பிறகு அழுதார்கள். இன்னொரு குடும்பமும் சேர்ந்து, மூன்று குடும்பங்களாக இரண்டாவது இரவுப் பணியாளரின் சம்பளத்தைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். நான்கு மாதமாகிறது. எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பது வேறு விடயம். தண்ணீர்ப் போத்தல் இப்போது பாதியாகிறது.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்றும் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 1987இல் வந்த சட்டம் ஒன்று, இல்லவாசிகளுக்கு உரிமைகள் உண்டு என்றும், பணியாளரின் வசதிக்காக அவர்களைக் கட்டிவைக்கக் கூடாது என்றும் சொன்னது. 2008 இறுதியில் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறை தொடங்கியது. பரிசோதனை, ஆளணி, தர அளவுகள் என்ற மூன்றையும் வைத்து நட்சத்திரம் கிடைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் எத்தனை பணியாளர் இருக்கிறார்கள் என்பதை ஆரம்பத்தில் இல்லங்களே எழுதிக் கொடுத்தன. தானே திருத்திய விடைத்தாளில் யாருக்குத்தான் புள்ளி குறையும்? 2016இல்தான் சம்பளப் பதிவேட்டிலிருந்து அந்தக் கணக்கை எடுக்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் 2015 முதல் ஒவ்வோர் இல்லமும் தனக்குக் கிடைத்த தரத்தை வாசலில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவைக்க வேண்டும். "முன்னேற்றம் தேவை" என்று கிடைத்தாலும் ஒட்டத்தான் வேண்டும்.

எமது நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் உண்டு. முதியோருக்குத் தங்குமிடப் பராமரிப்பு வழங்கும் நிறுவனங்கள் பதிவுசெய்யப்பட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பெற்றோரே, சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஆனால் பதிவு என்பது அமைப்பு. இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் யார் வருவார் என்பதைச் சான்றிதழ் சொல்லாது. அதற்கு மாலையில் அல்லது இஷாவுக்குப் பிறகு அறிவிக்காமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். பணியாளர்களில் எத்தனை பேர் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள், அடிக்கடி ஆட்கள் மாறும் இடத்தில் யாருக்கும் யாருடைய பழக்கமும் தெரியாது. மாதாந்தம் நிறை பார்க்கிறார்களா, போன மாத நிறை என்ன என்று கேளுங்கள். குதிகாலைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தலைப் பாருங்கள். அங்கே இருக்கும் ஏதாவது ஒரு முதியவரிடம் "இன்று எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், நீங்களாக எழும்பினீர்களா, எழுப்பினார்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலிலேயே நிறைய இருக்கும்.

எமது கல்லூரியின் சமூக சேவை மன்றமும் வருடத்துக்கு ஒருமுறை ஓர் இல்லத்துக்குப் போகிறது. பகலுணவு, ஆளுக்கொரு துவாய், ஒரு கஸீதா, ஒரு குழுப்படம். முதியவர்கள் இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்து ரசிக்க வேண்டும். அவர்களுக்கு இடையில் மலசலகூடம் போக வேண்டுமா என்று நாங்கள் நிகழ்ச்சி நிரலில் நேரம் ஒதுக்குவதில்லை. வரும் தவணையில் போகும் பயணத்துக்காகப் பொறுப்பாசிரியையிடம் மூன்று யோசனைகள் கொடுத்திருக்கிறேன். பகலுணவுக்குச் சேர்க்கும் பணத்தை இரவுப் பணியாளர் ஒருவரின் சம்பளத்துக்கு ஒதுக்குவது, மேடை போடாமல் ஆளுக்கொருவர் பக்கத்தில் இருந்து பேசுவது, கமராக்களை வீட்டில் வைத்துவிட்டு வருவது. முதல் இரண்டையும் பார்க்கலாம் என்றார் மிஸ். மூன்றாவதுக்கு இன்னும் பதில் வரவில்லை.